மூணு மீன் கிடைச்சாச்சு, அப்புறமும் எதுக்கு தூண்டில்?

ஒரு ஆளுக்கு ஒரு மீன்தான் சட்டம். மூணு பேர் போனோம், மூணு மீனும் ஐஸ்பெட்டிக்குள்ள போயாச்சு, மணி எட்டுகூட ஆகல, கீழ மீன் இன்னும் கொத்திக்கிட்டே இருக்கு. இப்போ கரைக்குத் திரும்பணுமா, இல்ல பிடிச்சுப் பிடிச்சு விட்டுக்கிட்டே இருக்கலாமா? நியூ ஜெர்சில ஸ்ட்ரைப்பர்ங்கற கடல் மீனைப் பிடிக்கப் போற யாரும் இதை ஒரு கேள்வியாவே எடுத்துக்கறதில்ல. விட்டாச்சுன்னா முடிஞ்சது, மீன் நீந்திப் போயிடுது, யாருக்கும் நஷ்டமில்லன்னு ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. இந்த ஏப்ரல்ல எங்களோட படகுல வந்த ஒரு அண்ணன் அதைக் கேள்வியாக் கேட்டுட்டார். அவர் கேட்டதுக்கு அன்னிக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல, அப்புறம் நிறைய படிச்சேன், நிறைய பேசினோம், இன்னும் படகுக்காரனுக்கும் எனக்கும் ஒத்துவரல. ஆனா எனக்குன்னு ஒரு முடிவு வந்திருக்கு, அதைத்தான் எழுதறேன்.

ராரிட்டன் பே

எடிசன், பிஸ்காட்டவே பக்கம் நம்ம ஆளுங்க எவ்வளவு பேர் இருக்கோம்னு சொல்லத் தேவையில்ல. ஆனா அங்க இருந்து அரை மணி நேரத்துல, கார்டன் ஸ்டேட் பார்க்வே ரோட்டுல 117ஆம் எக்ஸிட்ல இறங்கினா கீபோர்ட், அதுக்கு முன்னாடி இப்படி ஒரு தண்ணி கிடக்குன்னு பல வருசமா இங்க இருக்கறவங்களுக்கே தெரியறதில்ல. வடக்க ஸ்டேட்டன் ஐலண்ட், கிழக்க சாண்டி ஹூக் மணல்திட்டு, தூரத்துல வெராசானோ பாலம், மேற்கு மூலைல ராரிட்டன் ஆறு வந்து விழுது, நாரோஸ் ஜலசந்தி வழியா ஹட்சன் தண்ணியும் வந்து கலக்குது. ஆழம் ரொம்ப கம்மி. அதனாலதான் வசந்தத்துல பக்கத்துக் கடலை விட இது சீக்கிரம் சூடாகுது, சூடானதும் பங்கர் மீன் கூட்டம் கூட்டமா உள்ள வருது, அதைத் துரத்திக்கிட்டு ஸ்ட்ரைப்பரும் வருது. மார்ச் 1ஆம் தேதி இங்க சீசன் திறக்கும், ஏப்ரல் நடுவுலதான் அசல் ஆட்டம்.

ஸ்ட்ரைப்பரைப் பாக்காதவங்களுக்காக ஒரு வரி. வெள்ளி உடம்பு, செவுள்ல இருந்து வால் வரைக்கும் நேரா ஏழெட்டு கறுப்புக் கோடு, பெரிய வாய். கடல்ல வளரும், முட்டை போட ஆத்துக்குள்ள ஏறும். அட்லாண்டிக் கரையோர மீன்ல பெரும்பங்கு மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் இருக்கற செசபீக் பேல பொறக்குது, மிச்சம் ஹட்சன்லயும் டெலவேர் ஆத்துலயும். ஏப்ரல்ல ராரிட்டன்ல நிக்கறதுல ஒரு பெரிய பகுதி ஹட்சனுக்குள்ள ஏறப்போற மீன், வயிறு நிறைய முட்டையோட, ஏறறதுக்கு முன்னாடி நல்லா தின்னுட்டுப் போகலாம்னு நிக்கற மீன். இந்த ஹட்சன் மீன் குஞ்சுகளுக்காக மன்ஹாட்டன் மேற்குக் கரைல ஆத்தைத் தூத்துப் போடவிருந்த வெஸ்ட்வே நெடுஞ்சாலைத் திட்டமே கோர்ட்ல சிக்கி, கடைசில 1985ல கைவிட்டாங்க. பழைய கப்பல் துறைகளுக்கு நடுவுலதான் குஞ்சுங்க குளிர்காலத்தைக் கழிக்குதுன்னு தெரிஞ்சதுதான் காரணம். நியூயார்க் மாதிரி ஒரு ஊர்ல, அவ்வளவு பணம் புரளுற ஒரு திட்டத்தை ஒரு மீன் நிறுத்தியிருக்குங்கறது எனக்கு இன்னிக்கும் பெருமையா இருக்கு, அந்த மீன் என் கைல வந்து நிக்கும்போது அது ஞாபகம் வராம இருக்காது.

படகு மதுரைக்காரனோடது. காலேஜ்ல இருந்தே கூட்டாளி, வாடா போடா பழக்கம். இருபத்தோரு அடி சென்டர் கன்சோல், பழசுதான், ஆனா அவன் அதைப் பாத்துக்கற மாதிரி யாரும் கார்கூட பாத்துக்க மாட்டாங்க. மூணாவது ஆள்தான் நான் சொன்ன அண்ணன். புன்னக்காயல்காரர், தாமிரபரணி கடல்ல சேர்ற இடம். அப்பா, தாத்தா எல்லாம் கடல் தொழில். இவர் படிச்சு ஐடிக்கு வந்துட்டார், இவரோட சொந்த அண்ணன் இன்னும் தூத்துக்குடில விசைப்படகுல போறார். எங்க ஆபீஸ்ல சேர்ந்ததுல இருந்து "தம்பி, இங்க கடலுக்குப் போறதுன்னா எப்படி?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தவரு, கடைசில இந்த ஏப்ரல்ல கூட்டிட்டுப் போனோம்.

கீபோர்ட்ல படகு இறக்கற ராம்ப்ல விடியறதுக்கு முன்னாடியே டிரெய்லர் வரிசை நின்னுச்சு. குளிர் எலும்பு வரைக்கும் இறங்குது, மூணு பேருக்கும் ரெண்டு ஸ்வெட்டர், மேல ரெயின் ஜாக்கெட், ஃபிளாஸ்க்ல அண்ணி போட்டுக் குடுத்த சுக்குக் காப்பி. தண்ணி 51 டிகிரி ஃபாரன்ஹீட்னு மெஷின் காட்டுச்சு. ஐம்பதைத் தாண்டிருச்சா, அப்போ இரை தேட ஆரம்பிச்சிருக்கும்னு மதுரைக்காரன் சொல்லிக்கிட்டே படகை வடக்க விட்டான். கிழக்க நேவியோட ஏர்ல் பாலம் கடலுக்குள்ள கிட்டத்தட்ட மூணு மைல் நீட்டிக்கிட்டு நிக்குது, வெடிமருந்து ஏத்தற இடம், அது கிட்டயே போகக்கூடாது. அண்ணன் அதைப் பாத்து "இவ்வளவு நீளத்துக்கு மரத்தை நட்டு வெச்சிருக்கான், அதுக்கடியில மீனு எப்படி கெடக்கும்"னு சொன்னார், சொல்லிட்டு கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு வந்தார்.

கேனட் பறவைதான் இடத்தைக் காட்டுச்சு. பெரிய வெள்ளைப் பறவை, றெக்கை நுனி மட்டும் கறுப்பு, உசரத்துல இருந்து றெக்கையை மடக்கிக்கிட்டு அப்படியே தலைகீழா தண்ணிக்குள்ள பாயும். நாலஞ்சு பறவை ஒரே இடத்துல பாயுதுன்னா கீழ பங்கர் இருக்கு, பங்கர் இருந்தா அதுக்கும் கீழ ஸ்ட்ரைப்பர் இருக்கணும். அண்ணனுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியிருக்கல. எங்களுக்கு முன்னாடி அவர்தான் கையை நீட்டினார், ஃபிஷ் ஃபைண்டர்ல சிவப்பாக் கட்டி கட்டியாத் தெரியறதுக்கு முன்னாடியே.

இப்போ சில வருசமா இங்க எல்லாரும் ஃபிளட்டர் ஸ்பூன்தான் போடறாங்க. பங்கர் சைஸுக்கு நீளமான தகரக் கரண்டி, அதைத் தரை வரைக்கும் இறக்கி, ராடைத் தூக்கி, அப்படியே விழவிடணும். அது அடிபட்ட பங்கர் மாதிரி ஆடி ஆடி விழும், விழும்போதுதான் அடிக்கும். இழுக்கும்போது அடிக்கறது அபூர்வம். அதனால ராடைத் தாழ்த்தும்போது லைன் ஒரு நொடி நின்னாலே தூக்கிரணும், அந்த ஒரு நொடியைப் பிடிக்கத் தெரியறதுதான் இதுல வித்தை. கடைல வர்ற மூணு முனை முள்ளைக் கழட்டிட்டு ஒத்தை முள் மாட்டி, அதுல எதிர்ப்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கற குட்டிக் கூரையும் (பார்ப்) குறடால நசுக்கி வெச்சிருந்தோம். விடப்போற மீனுக்குக் காயம் குறையணும்னு.

28 இஞ்சுக்குக் குறைஞ்சாலும் விடணும், 31ஐத் தாண்டினாலும் விடணும். நடுவுல இருக்கற மூணு இஞ்சுக்குள்ள வந்தாத்தான் எடுக்கலாம், அதுவும் ஒண்ணே ஒண்ணு. முன்னாடி நியூ ஜெர்சில 38க்குக் கீழ இருந்தா எடுக்கலாம்னு இருந்தது, 2023 மே மாசம் அவசரமா 31ன்னு சுருக்கிட்டாங்க. அன்னிக்கு மொதல்ல வந்ததெல்லாம் 33, 34. அப்புறம் மதுரைக்காரனுக்கு ஒரு இருபத்தொம்பதரை, எனக்கு ஒரு முப்பது, அண்ணனுக்கு சரியா 28ஐத் தொட்டு ஒண்ணு. வாயை மூடி, வாலைச் சேத்துப் பிடிச்சு ரெண்டு தடவை அளந்தோம். அவர் கைல ராட் வளைஞ்சப்போ "மாதாவே"ன்னு ஒரு சத்தம் போட்டார் பாருங்க, பக்கத்துப் படகுல இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க. மூணு மீனும் ரத்தம் வடிச்சு ஐஸுக்குள்ள போச்சு.

நாப்பத்தி நாலு இஞ்ச்

"இனிமே டென்ஷனே இல்லடா, ஜாலியா பிடிக்கலாம், கீழ பெருசு நிக்குது"ன்னான் மதுரைக்காரன். ஸ்கிரீன்ல அது தெரிஞ்சுச்சு, பங்கர் கூட்டத்துக்குக் கீழ தரையை ஒட்டி தனித்தனியா தடிமனான வளைவுக் கோடு. மூணு பேரும் மறுபடி இறக்கினோம். அண்ணனோட ராட்தான் போச்சு. இந்தத் தடவை சத்தம் போடல. லைன் போய்க்கிட்டே இருக்கு, ரீலோட டிராக் அலறுது, அவர் ராடை வயித்துல ஊனிக்கிட்டு ரெண்டு காலையும் அகட்டி நின்னுட்டார். மதுரைக்காரன் "அண்ணே சீக்கிரம் கொண்டாங்க, ரொம்ப நேரம் இழுத்தா அதுக்குத்தான் ஆபத்து"ன்னு சொல்லிக்கிட்டே ரப்பர் வலையை எடுத்தான். நான் ஸ்டியரிங்ல நின்னு படகை மீன் போற பக்கமே மெதுவா விட்டேன்.

மேல வந்ததும் எங்க மூணு பேருக்கும் பேச்சு வரல. வலைக்குள்ள முழுசா அடங்கல. படகோரத்துல தண்ணிக்குள்ளயே வெச்சு டேப்பைப் போட்டா 44. முப்பது பவுண்டுக்கு மேல இருக்கும், வயிறு ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு நிக்குது. இந்த சைஸுக்கு எல்லாமே பொம்பள மீன்தான், ஆம்பள மீன் இவ்வளவு வளர்றது ரொம்ப அரிது. மதுரைக்காரன் "பதினாலு பதினஞ்சு வயசாவது இருக்கும்ணே"ன்னான். அண்ணன் கீழ பாத்துக்கிட்டே "எம் மூத்த பொண்ணு வயசு"ன்னார்.

முள்ளு ஈசியா வந்துருச்சு. ஆனா மீன் போகல. வாயைப் பிடிச்சு, வயித்துக்கு அடில கை குடுத்து, தலை முன்னாடி பாக்கற மாதிரி வெச்சிருந்தா, கொஞ்ச நேரத்துல கட்டைவிரலை இறுக்கிக் கடிக்கும், வாலை ஒரு வீசு வீசும், அப்போ விட்டுரலாம். இது கடிக்கல. பக்கவாட்டுல சாயுது. நான் கியரைப் போட்டு படகை மெதுவா முன்னாடி நகத்தினேன், செவுள் வழியா தண்ணி ஓடட்டும்னு. அண்ணன் படகோரத்துல குப்புறப் படுத்துக்கிட்டு ரெண்டு கையையும் அந்தக் குளிர் தண்ணிக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டுக்கிட்டு அதைப் பிடிச்சிருந்தார். மாத்தி விடறேன்னு மதுரைக்காரன் சொன்னதுக்கு வேண்டாம்னு தலையை மட்டும் ஆட்டினார். கை செவந்து போச்சு. ஒரு கட்டத்துல புடைச்ச வயித்துல இருந்து கொஞ்சம் முட்டை கசிஞ்சு தண்ணில பச்சையா பரவுச்சு, அதைப் பாத்ததும் அவர் முகம் மாறினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரொம்ப நேரம் கழிச்சுதான் அது வாயை மூடுச்சு, வாலை அசைச்சுது, கீழ இறங்கிப் போச்சு. வேகமாப் போகல. இறங்கிப் போச்சு, அவ்வளவுதான். பொழைச்சுதான்னு எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் இல்ல.

அண்ணன் எழுந்து கையைத் தொடைச்சுக்கிட்டு ராடை எடுத்து ஹோல்டர்ல சொருகினார். ஸ்பூனோட முள்ளை வளையத்துல மாட்டி லைனை இறுக்கினார். முடிச்சுட்டார்னு அதுலயே தெரிஞ்சுது. மதுரைக்காரனுக்குப் புரியல. "அண்ணே, இப்போதான் ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு மணி நேரம் இருக்கு தண்ணி திரும்ப."

"நமக்குள்ள மூணு கெடைச்சாச்சுல்லா?"

"கெடைச்சாச்சு. இது சும்மா பிடிச்சு விடறதுதானே."

"அதான் தம்பி கேக்கேன். விடுததுக்கு எதுக்குப் பிடிக்கணும்? விக்கப் பிடிக்கலாம், திங்கப் பிடிக்கலாம். செனை மீனை இழுத்துக் கொண்டாந்து, அதை சாவக் குடுக்காம இருக்க நாம இவ்வளவு பாடுபடுதோம். அதைப் பிடிக்காம இருந்திருந்தா ஒரு பாடும் இல்லல்லா."

கோவமா சொல்லல, குத்திக் காட்டவும் இல்ல. அவருக்கு நெஜமாவே புரியல, கேட்டார். அப்புறம் அவரே சொன்னார், ஊர்ல தடைக்காலம் ஆரம்பிச்சாச்சு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், என் அண்ணன் வீட்ல உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருப்பாருன்னு. 2001ல 45 நாளா ஆரம்பிச்சது, 2017ல இருந்து 61 நாள். துறைமுகத்துல விசைப்படகு அத்தனையும் கட்டிக் கெடக்கும், நிவாரணப் பணம் ஒரு மூலைக்கும் பத்தாது, வட்டிக்கு வாங்கித்தான் அந்த ரெண்டு மாசம் ஓடும். அதுவே வயித்துப்பாடா இருக்கறவன் மீன் குஞ்சு பொரிக்குதுன்னு ரெண்டு மாசம் கடலுக்குப் போகாம இருக்கான், சம்பளம் வாங்கற நாம பொழுதுபோக்குக்கு வந்து செனை மீனைப் பிடிக்கோம், அதுக்கு விட்டுட்டோம்னு ஒரு பேரு வேற. இதுதான் அவர் சொன்னதோட சாரம். மதுரைக்காரன் ஸ்பூனைத் தூக்கிட்டான். அவனும் அதுக்கப்புறம் போடல, விருந்தாளிக்கு மரியாதை குடுத்து. ஆனா அவன் ஒத்துக்கல, அது எனக்குத் தெரியும்.

நூத்துக்கு ஒம்பது

இந்த விவகாரத்துல எனக்குத் தெளிவு குடுத்தது ஒரு நம்பர். ஸ்ட்ரைப்பரைப் பிடிச்சு விட்டா நூத்துக்கு ஒம்பது செத்துப்போகும்னு வெச்சுத்தான் கரையோர மாநிலங்கள் சேந்து நடத்தற கமிஷன் கணக்குப் போடுது. மாசசூசெட்ஸ்ல ஒரு உப்புத்தண்ணிக் குட்டைல மீனைப் பிடிச்சு விட்டுப் பாத்த ஆய்வுல இருந்து வந்தது அது. ஒம்பதுதானே, 91 பொழைக்குதேன்னு தோணும். ஆனா எத்தனை மீனை விடறோம்? 2017ல பொழுதுபோக்குக்குப் பிடிக்கறவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது சுமார் 29 லட்சம். அதே வருசம் விட்டதுல செத்ததுன்னு கணக்குல வந்தது சுமார் 34 லட்சம். அதாவது சட்டியில போனதை விட, நல்ல மனசோட விட்டதுல செத்தது அதிகம். அந்தக் கணக்கோட வந்த மதிப்பீட்டுலதான் 2019ல இந்த மீன் அளவுக்கு மேல பிடிக்கப்பட்டிருக்குன்னு அறிவிச்சாங்க.

அப்போ ஒரு ஆள் ஒரு மீனை எடுத்துட்டு வீட்டுக்குப் போனா ஒரு மீன் செத்தது. ஒரு மீனையும் எடுக்காம ஒரு காலைல இருபத்தஞ்சு பிடிச்சு இருபத்தஞ்சையும் விட்டவன் ரெண்டு மீனைக் கொன்னிருக்கான், சராசரிக்கு. அவன் ஐஸ்பெட்டி காலி, அதனால அவன் கை சுத்தம்னு எல்லாரும் நம்பறோம். சூடான ஆகஸ்ட் தண்ணில, ரொம்ப நேரம் இழுத்து, ஃபோட்டோவுக்கு வாயைப் பிடிச்சு தொங்கவிட்டா கதை இன்னும் மோசம். குளிர் தண்ணி, ஒத்தை முள், பார்ப் இல்லாம, தண்ணிக்குள்ளயே வெச்சு விட்டா நல்லதுதான், ஏப்ரல்ல நாங்க செஞ்சது அதுதான். ஆனா அந்த 44 இஞ்ச் மீன் அத்தனையும் சரியா செஞ்சும் எப்படிப் போச்சுன்னு நான் பாத்தேனே.

அது என்ன மீனுங்கறதும் முக்கியம். பன்னெண்டு பவுண்டு மீன் எட்டரை லட்சம் முட்டை போடும், ஐம்பத்தஞ்சு பவுண்டு மீன் நாப்பத்திரெண்டு லட்சம் போடும். பெருசை விடுங்கன்னு சட்டம் சொல்றது அதுக்குத்தான். சட்டம் விடுன்னு மட்டும்தான் சொல்லுது, பிடிக்காதேன்னு சொல்லல. டெலவேர் ஆத்துல முட்டை போடற இடத்துல ஏப்ரல், மே ரெண்டு மாசமும் மூடிருவாங்க. மேரிலாந்து 2024ல பெரிய மீனுக்குன்னே இருந்த வசந்தகால டிராஃபி சீசனையே எடுத்துட்டாங்க, அந்த வருசம் அந்த நேரத்துல செசபீக்ல ஸ்ட்ரைப்பரைக் குறிவெச்சு தூண்டில் போடறதே தப்பா இருந்துச்சு. ஆனா ராரிட்டன்ல கதவு திறந்து கிடக்கு, அதுவும் ஹட்சனுக்குள்ள ஏறப்போற மீன் கூடி நிக்கற அதே வாரங்கள்ல.

இது இப்போ ஏன் இவ்வளவு அவசரம்னா, பின்னாடி வர்ற மீனே இல்ல. மேரிலாந்துல 1954ல இருந்து வருசா வருசம் கரையோரமா வலை இழுத்து அந்த வருசக் குஞ்சை எண்றாங்க. நீண்டகால சராசரி ஒரு இழுப்புக்கு பதினொண்ணு. 2011ல 34 தாண்டுச்சு, 2015ல 24. 2019ல இருந்து 2025 வரைக்கும் ஏழு வருசமும் சராசரிக்கு ரொம்பக் கீழ. 2023ல ஒண்ணு. 2024ல ரெண்டு. 2025ல நாலு வந்ததுக்கே சந்தோசப்பட வேண்டியிருக்கு. குளிர்காலம் சூடாவும் வறட்சியாவும் போனா குஞ்சு பொழைக்கறதில்ல, குளிரும் மழையுமா இருந்த வருசம்தான் நல்ல வருசம், அது நம்ம கைல இல்ல. முட்டை போடற தாய் மீன் எத்தனை மிச்சம் இருக்குங்கறது மட்டும்தான் நம்ம கைல இருக்கு. இன்னிக்கு 28-31க்குள்ள நிக்கறதுல நிறைய 2018 வாக்குல பொறந்தது, அதுக்குப் பின்னாடி வரிசையே காலி.

இந்த மீன் ஒருதடவை கிட்டத்தட்ட போயே போயிருச்சு, அதையும் சொல்லணும். 1973ல வியாபாரிங்க பிடிச்சது ஒன்றரைக் கோடி பவுண்டு கிட்ட. பத்தே வருசத்துல, 1983ல, 35 லட்சம். 1984ல மத்திய அரசு சட்டம் போட்டுச்சு, 1985ல மேரிலாந்து முழுசா மூடிட்டாங்க, 1990 வரைக்கும் ஒரு மீன்கூட எடுக்கக்கூடாது. 1982ல பொறந்த கூட்டத்தை ஒருதடவையாவது முட்டை போட விடணும்னு கரை முழுக்க அளவை ஏத்திக்கிட்டே போனாங்க. 1995ல மீண்டுருச்சுன்னு அறிவிச்சாங்க. கீபோர்ட் ராம்ப்ல அடிக்கடி பாக்கற ஒரு பெரியவர் சொல்வார், எண்பதுகள்ல ஒரு சீசன் முழுக்க ராத்திரி ராத்திரியா நின்னு ஒரு ஸ்ட்ரைப்பரைப் பாத்தா அது திருவிழான்னு. மூடினாங்க, மீன் வந்துச்சு. போகாம இருந்தது வேலை செஞ்சிருக்கு. புன்னக்காயல்காரர் சொன்னதும் அதேதான்.

மதுரைக்காரன் கட்சி

அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதை விட்டுட்டு எழுதினா தப்பு. ஒண்ணு, நாம வாங்கற ஒவ்வொரு ராட், ரீல், முள்ளுலயும் 1950ல இருந்து ஒரு வரி இருக்கு, அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போய் மீன் ஆராய்ச்சிக்கும் ராம்ப் கட்டறதுக்கும்தான் செலவாகுது. தூண்டில்காரன் வரலன்னா அந்தப் பணமும் வராது. ரெண்டாவது, இந்த மீனுக்காக கூட்டத்துக்கு கூட்டம் போய் கத்தறது யாரு? பிடிச்சு விடறவங்கதான். ஒரு காலைக்கு ஒரு மீனோட ஓடிரணும்னு சொன்னா பாதிப்பேர் படகையே வித்துருவாங்க, அப்புறம் இந்தத் தண்ணியப் பத்தி கவலைப்பட ஆள் இருக்காது. மூணாவதா அவன் சொன்னதுதான் என்னைத் தொட்டுச்சு. வாரம் பூரா ஸ்கிரீனைப் பாத்துட்டு, ராத்திரி கால் அட்டெண்ட் பண்ணிட்டு, வருசத்துல ஆறு வாரம்தான்டா எனக்கு இது, இதுல எட்டு மணிக்கு நிறுத்துன்னா நான் எங்கடா போறதுன்னான்.

இதுக்கு நடுவுல சமையல் வேற. அண்ணன் வழக்கம் பிடிச்சா சாப்பிடறது, சரி, ஆனா ராரிட்டன் மீனை யாருக்குக் குடுக்கறது? ஹட்சன் மேல் பக்கத்துல இருந்த கெப்பாசிட்டர் ஃபாக்டரிங்க முப்பது வருசமா, 1977 வரைக்கும், பிசிபி ரசாயனத்தை ஆத்துல விட்டதோட பலன், குழந்தைங்களும் பிள்ளை பெத்துக்கற வயசுல இருக்கற பெண்களும் இந்தத் தண்ணி ஸ்ட்ரைப்பரைச் சாப்பிடவே வேண்டாம்னு மாநிலம் எழுதி வெச்சிருக்கு. மதுரைக்காரன் வீட்ல அவன் மனைவி மாசமா இருக்காங்க. அந்த விஷம் கொழுப்புலதான் தங்கும், அதனால தோலை உரிச்சு, வயித்துக் கொழுப்பையும் நடுவுல ஓடற சிவப்புச் சதையையும் வெட்டித் தூரப் போட்டுட்டு, கொழுப்பு வடியற மாதிரி சுடணும்னு அறிவுரை. நம்ம குழம்புல நடக்கறது இதுக்கு நேர் எதிர், தோலோட போட்டு கொதிக்கவிட்டு இறங்கின கொழுப்பையும் சோத்துல ஊத்திச் சாப்பிடறோம். அண்ணன் தலையைக் கையில எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, சரின்னு குப்பைல போட்டார். தலையைப் போட அவருக்கு மனசே வரல. மிச்சச் சதையை மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி கம்பிவலைல சுட்டோம், நாங்க மூணு ஆம்பளைங்க மட்டும் சாப்பிட்டோம். வெள்ளைச் சதை, பெரிய பெரிய இதழா பிரியுது, கொடுவா ருசி. நல்லா இருந்துச்சு. ஆனா மூணு மீனே எங்களுக்கு அதிகம்.

என் முடிவு இது. எனக்கான மீன் கிடைச்சதும் ஸ்ட்ரைப்பருக்குத் தூண்டில் போடறதை நிறுத்திடறேன், ஃபிஷ் ஃபைண்டர்ல பெருசு தெரிஞ்சாலும். முதல் மீன் கிடைக்கற வரைக்கும் அளவு தாண்டினது வரத்தான் செய்யும், அதை நல்லபடியா விடணும், அதுல எனக்கு மனசாட்சி உறுத்தல. உறுத்தறது அதுக்கு அப்புறம் பிடிக்கறதுதான். மதுரைக்காரன் கவலைக்கும் ஒரு வழி இருக்குன்னுதான் நினைக்கிறேன். அவனுக்கு வேணும்ங்கறது அந்தத் தண்ணி, அந்தக் காலை, கூட்டாளிங்க. அதுக்கு செனை ஸ்ட்ரைப்பர்தான் வேணும்னு இல்லையே. மே மாசம் போர்ஜி வந்துரும், அப்புறம் ஃப்ளூக், அதையெல்லாம் சாயங்காலம் வரைக்கும் பிடிக்கலாம். ஸ்ட்ரைப்பரே வேணும்னா நவம்பர்ல திரும்பி தெக்க போகும்போது வரும், அப்போ முட்டை கிடையாது, தண்ணியும் குளுந்திருக்கும். ராரிட்டனுக்கு ஏப்ரல்ல ஒரு தடைக்காலம் வேணும், எடுக்கறதுக்கு மட்டும் இல்ல, குறிவெச்சுப் பிடிக்கறதுக்கே. இதை அவன்கிட்டயும் சொல்லிட்டேன், மாநிலம் கருத்து கேக்கும்போது அங்கயும் எழுதப்போறேன். நம்ம ஆளுங்க இத்தனை பேர் இந்தத் தண்ணிக்குப் பக்கத்துல இருக்கோம், ஒருத்தரும் அந்தக் கூட்டங்களுக்குப் போறதில்ல.

மேரிலாந்துக் குஞ்சு நம்பர் அக்டோபர்ல வரும். எட்டாவது வருசமும் கீழயே இருந்தா அடுத்த ஏப்ரல்ல ஸ்ட்ரைப்பருக்குப் படகு ஏறறதா இல்லன்னு மதுரைக்காரன்கிட்ட சொன்னேன். "நம்பர் வரட்டும், அப்புறம் பேசலாம்"ங்கறான். போர்ஜிக்கு மட்டும் தேதி குறிச்சாச்சு. அண்ணன் அதுக்கு ஊர்ல இருந்து புளி வரவழைக்கறார், குழம்பு வெக்கறதுக்கு அந்த மீனுக்கு என்ன அறிவுரை போட்டிருக்குன்னு நேத்து ராத்திரி ஃபோன் பண்ணிக் கேட்டார், பாத்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.